அந்தமான்ல ஊருக்கு என்ன வாங்கிட்டு வரலாம்?

மதுரை மல்லி:
அடுத்த மாசம் குடும்பத்தோட அந்தமான் போறோம், போர்ட் பிளேர், ஹேவ்லாக் தீவு, நீல் தீவு மூணுமே பிளான்ல இருக்கு. மாமியார், நாத்தனார், ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்கன்னு குடுக்க வேண்டிய லிஸ்ட் பெருசு, ஆனா பிளைட்ல 15 கிலோதான் விடுவாங்க. பொண்ணு சங்கு சிப்பின்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அதெல்லாம் எடுத்துட்டு வரலாமா? அந்த ஊருக்கே உரிய பொருளா எது, எங்க நல்லா கிடைக்கும்?

கடலோரக் கவி:
சங்கு விஷயத்துல கவனமா இருங்க அக்கா. பவளப்பாறை, விசிறி மாதிரி விரிஞ்சிருக்கற கடல் விசிறி ரெண்டையும் 2001லயே வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல சேத்துட்டாங்க, கரையில செத்து ஒதுங்கின துண்டா இருந்தாலும் எடுக்கக் கூடாது. நாட்டிலஸ்னு சொல்ற சுருள் சங்கு, ராட்சத சிப்பி மாதிரி சிலதும் அப்படித்தான். ஏர்போர்ட்ல ஸ்கேன்ல தெரிஞ்சா பைய திறக்க சொல்லுவாங்க. ஆசைக்கு வாங்கணும்னா போர்ட் பிளேர் மிடில் பாயின்ட்ல சாகரிகான்னு அரசு எம்போரியம் இருக்கு, அங்க பில்லோட வாங்குங்க, அந்த பில்ல ஊர் வந்து சேர்ற வரைக்கும் கைப்பையிலயே வெச்சிருங்க. பீச் ஓரத்துல தட்டுல பரப்பி விக்கறதுக்கு பில்லும் கிடையாது, அது எந்த சங்குன்னு விக்கறவருக்கே தெரியாது.

மதுரை மல்லி:
நன்றிங்க. கடையில வாங்காம மணல்ல கிடக்கற சின்ன சின்ன சிப்பிய பொறுக்கினா பரவால்லையா?

கடலோரக் கவி:
அதுவும் வேணாம்க்கா. அங்க காலி சங்குக்குள்ள குடியிருக்கற நண்டு ஏகப்பட்டது இருக்கு, அதுக்கு சொந்தமா ஓடு கிடையாது, உடம்பு வளர வளர பெரிய சங்கா தேடிப் போய் மாத்திக்கும். நாம நல்லதா பாத்து பொறுக்கிட்டு வந்துட்டா அது எங்க போகும்? சாயங்காலம் கரையில கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா சங்கெல்லாம் தானா நடக்கும், பொண்ண பாக்க வைங்க, வீடியோ எடுத்துக்கட்டும்.

மரவேலை ரசிகன்:
என்னைக் கேட்டா படாக் மரம்தான் வாங்குவேன். நம்ம வேங்கை, செம்மரம் எல்லாத்துக்கும் இது பங்காளி, நல்ல சிவப்பு, வருஷம் போகப் போக நிறம் கறுத்துகிட்டே வரும். பேனா ஸ்டாண்டு, குங்குமச் சிமிழ், சின்ன ட்ரே இதெல்லாம் கையடக்கமா கிடைக்கும், மாமியாருக்கு சிமிழ் குடுத்தா காலத்துக்கும் இருக்கும். வாங்கும்போது திருப்பி அடிப்பக்கம் பாருங்க, பாலிஷ் படாத இடத்துலயும் சிவப்பும் ரேகையும் தெரியணும், அங்க வெளுப்பா இருந்தா வேற மரத்துக்கு சாயம் ஏத்தியிருக்கலாம். மேசை நாற்காலின்னு பெருசா வாங்கினா வனத்துறை பர்மிட் கேப்பாங்க, அந்த வம்பு வேணாம்.

பிளேர் தமிழச்சி:
நான் போர்ட் பிளேர்லயே இருக்கறவ. அபர்தீன் பஜாருக்கு வாங்க, தமிழ்லயே பேரம் பேசலாம், நம்ம ஆளுங்க கடை நிறைய இருக்கு. ஆபீஸ்காரங்களுக்கு கிராம்பு, மிளகு, பட்டை, ஜாதிக்காய் வாங்கிடுங்க, எல்லாம் இங்க விளையறதுதான், வெயிட்டும் இல்ல. கிராம்ப நகத்தால அழுத்தினா எண்ணெய் கசியணும், அப்போ வாங்குங்க. அந்தமான் முத்துன்னு சொல்லி விக்கற மாலையில நிறைய வெளியிலிருந்து வர்ற நன்னீர் முத்துதான், அழகா இருந்தா வாங்கலாம், ஆனா அந்தமான் முத்துன்னு நெனச்சு கூட காசு குடுக்காதீங்க. ரெண்டு முத்த ஒண்ணோட ஒண்ணு உரசிப் பாத்தா நெறநெறன்னு இருக்கணும், வழுக்கினா போலி.

ஹேவ்லாக், நீல்ல எதையும் வாங்கி போட்ல சுமக்காதீங்க, திரும்பி போர்ட் பிளேர் வந்ததும் கடைசி நாள் சாயங்காலம் மொத்தமா வாங்குங்க. சாகரிகா அன்னிக்கு திறந்திருக்குமான்னு மட்டும் ஹோட்டல்ல முன்னாடியே கேட்டுக்கோங்க.