பிடித்தவற்றை எப்படிப் பகிர்ந்துகொள்வது?

கேள்வி

வணக்கம். ஓவியம், இசை, புத்தகம், பயணம் ஆகிய நான்கிலும் எனக்கு மிகவும் பிடித்த நாற்பதைத் தேர்ந்து எழுதி, நெருங்கிய தோழி ஒருவருக்கு அனுப்பினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "இதில் பாதி எல்லோருக்கும் பிடித்ததுதானே, உனக்கு ஏன் பிடித்தது என்று தெரியவில்லையே" என்றார். காரணம் எழுத உட்கார்ந்தால் 'அருமை', 'அற்புதம்' என்பவற்றைத் தாண்டி எழுத்து நகரவில்லை. நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?

முதல் மறுமொழி

படைப்பின் பெயரோடு நிறுத்தாமல், அதற்குள் உங்கள் கண் நின்ற இடத்தைச் சொல்லிப் பாருங்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில் உருவாக்கிய பேரலை ஓவியத்தை அறியாதவர்கள் குறைவு. சுவரொட்டிகளில் பார்த்துப் பழகியிருந்த நான், ஏறத்தாழ 25 செ.மீ. உயரமும் 37 செ.மீ. அகலமும் மட்டுமே கொண்ட அந்த மரக்கட்டை அச்சை ஓர் அருங்காட்சியகத்தில் நேரில் கண்டபோதுதான், அலைக்கு அடியில் மூன்று படகுகளும் அவற்றில் குனிந்து ஒடுங்கியிருக்கும் மனிதர்களும் இருப்பதைக் கவனித்தேன். அலையின் நுனியிலிருந்து சிதறும் நுரைத்துளிகள், தொலைவில் சிறிதாகத் தெரியும் ஃபூஜி மலையின் மேல் பனி பொழிவதுபோலவே விழுகின்றன. அந்த நுரையைச் சொன்ன பிறகு ஓவியத்தை மறுபடி எடுத்துப் பார்க்காதவரை நான் கண்டதில்லை.

இரண்டாவது மறுமொழி

இசைக்கும் இது பொருந்தும், ஆனால் யார் வாசித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய நரம்புக் கருவியான செல்லோவில் தனியே வாசிப்பதற்காக, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ் எழுதிய தொகுப்புகள் ஆறு. அவற்றின் இசைத்தாள்களை செல்லோ கலைஞர் பாப்லோ கசால்ஸ் 1890-இல், தம் 13-ஆம் வயதில், பார்சிலோனாவின் கடை ஒன்றில் கண்டெடுத்தார். ஆறையும் முழுமையாக அவர் ஒலிப்பதிவு செய்ய 1936 முதல் 1939 வரை ஆயிற்று. முதல் தொகுப்பின் முதற்பகுதி முடிவதற்குச் சற்று முன், ஒரே சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, இன்னொரு குரல் அரை அரைச் சுரமாக ஏறிச் செல்லும். ஒரே கருவியில் இருவர் வாசிப்பதாகத் தோன்றும் அந்தச் சில நொடிகளைத்தான் நான் பிறருக்குப் போட்டுக் காட்டுகிறேன். முழுத் தொகுப்பையும் கேட்கச் சொன்னால் பெரும்பாலோர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது மறுமொழி

புத்தகத்துக்கு இந்த வழி ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. முந்நூறு பக்கங்களைக் கடந்து வந்தவருக்குக் கண்கலங்க வைக்கும் ஒரு வரி, தனியே பெயர்த்தெடுத்துக் காட்டினால் வெறும் வாசகமாகிவிடுகிறது. ஆகவே நான் எதையும் விளக்குவதில்லை. பென்சிலால் கோடிட்ட என் பிரதியையே கொடுத்துவிடுகிறேன். ஒருமுறை அது திரும்பி வந்தபோது, என் கோடுகளுக்கு அருகே வேறொரு கையின் மெல்லிய கோடுகள் இருந்தன. நான் வேகமாகக் கடந்த பக்கங்களில்தான் அவை அதிகம். அந்தப் பிரதியை இனி யாருக்கும் இரவல் கொடுக்க எனக்கு மனம் வராது.

நான்காவது மறுமொழி

பயணத்தைப் பொறுத்தவரை, ஊரின் பெயரைவிட அங்கே நடந்த வழியைச் சொல்வது நல்லது. இந்தோனேசியாவின் ஜாவா தீவிலுள்ள போரோபுதூர் என்ற பழைய பௌத்தக் கோயிலில் கீழ்த்தளங்களை வலமாகச் சுற்றிவரும்போது, இருபுறமும் புடைப்புச் சிற்பங்கள் நிறைந்த சுவர்கள் வெளியுலகை மறைத்துவிடுகின்றன. மேலே வட்டத் தளங்களுக்கு ஏறியதும் சிற்பக் கதைகள் நின்றுபோய், 72 துளையிட்ட தூபிகளும் திறந்த வானமும் மட்டுமே எஞ்சுகின்றன. அந்தக் கடைசிப் படியில் நின்ற கணத்தைத்தான் பகிர்வேன்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. என் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் நின்றேன் என்று எழுத முயன்றேன். நாற்பதில் பதினொன்றுக்குத்தான் எழுத முடிந்தது. மற்றவை பிறர் பாராட்டியதால் சேர்ந்தவை என்று இப்போது படுகிறது. முதலில் அனுப்பப்போவது டச்சு ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பெண் ஓவியம். அவளுக்குப் பின்னுள்ள வெற்றுச் சுவரில் ஓர் ஆணியும், அதன் சிறு நிழலும், முன்பு ஆணிகள் இருந்த துளைகளும் உள்ளன. அந்தச் சுவரைப் பற்றி மட்டும் தோழிக்கு எழுதுகிறேன்.