தங்கை பிரசவத்துக்கு வந்தாள், பூனைக்குட்டி மிதியடியில் போக ஆரம்பித்தான்

ஈரத்தை உறிஞ்சும் மண்ணை (லிட்டர்) போட்டு வைக்கும் டப்பில், அதாவது லிட்டர் பாக்ஸில், நன்றாகப் போய்க்கொண்டிருந்த பூனைக்குட்டி திடீரென்று மெத்தையிலும் மிதியடியிலும் போகிறது, வீட்டில் எல்லாரும் திட்டுகிறார்கள், எங்காவது கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள் என்று இங்கே அடிக்கடி யாராவது எழுதுகிறார்கள். எங்கள் வீட்டிலும் போன வருடம் இதேதான் நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் ஒன்று: குட்டி யாரையும் பழிவாங்கவில்லை. போக இடம் வசதியாக இல்லை, அல்லது போகும்போது வலிக்கிறது, அல்லது அங்கே போகப் பயமாக இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்கும் வரை திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

நாங்கள் இருப்பது பெரம்பூரில், இரண்டு படுக்கையறை வீடு. எங்கள் குட்டியின் பெயர் மிளகு, கறுப்பு ஆண் குட்டி, கைக்கு வந்தபோது இரண்டு மாதம் இருக்கும். டப்பில் லிட்டரைப் போட்டு இறக்கிவிட்டதும் அவனே தோண்டினான், போனான், மூடிவிட்டு வந்துவிட்டான். மூன்று நான்கு வாரக் குட்டியிலேயே அந்தத் தோண்டும் புத்தி வந்துவிடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னறை ஜன்னலுக்குக் கீழே டப் இருந்தது, எந்தத் தொல்லையும் இல்லை.

வளைகாப்பு முடிந்து தங்கை வந்தாள். பின்னறை அவளுக்கு என்றானது, புது மெத்தை வந்தது, கொசுவலை வந்தது, பிறக்கப்போகும் குழந்தைக்கென்று பழைய பருத்திப் புடவைகளையெல்லாம் அம்மா துவைத்துக் கிழித்து அடுக்கி வைத்தார். மிளகின் டப் பின்பக்க பால்கனிக்குப் போனது, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். வாசனை வருகிறது, தங்கைக்குக் குமட்டுகிறது என்று அப்பா லாவெண்டர் மணம் போட்ட லிட்டர் வாங்கி வந்தார். வீடு துடைப்பது ஒரு வேளையிலிருந்து இரண்டு வேளையானது, இரண்டு வேளையும் பினாயில்.

அந்த வாரமே ஆரம்பித்தது. முதலில் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், அப்புறம் மிதியடி, அப்புறம் அம்மா அடுக்கி வைத்த அந்தப் புடவைத் துணி மேலேயே. "அவனுக்குப் பொறாமை, பார்த்துப் பார்த்துப் பிள்ளைத் துணி மேலயே போறான்" என்றார் அம்மா. பக்கத்து வீட்டு மாமி, மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று யோசனை சொன்னார். பிழைக்காது. கையில் வளர்ந்த குட்டிக்கு அங்கே இருக்கும் கடுவன்களிடம் சண்டை போடத் தெரியாது, வண்டியைப் பார்த்து ஒதுங்கவும் தெரியாது. இந்த யோசனையை யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நான் முதலில் அவனைத் தூக்கிக்கொண்டு போனது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அங்கே டாக்டர் கேட்ட கேள்விகளை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு முறையும் எவ்வளவு போகிறான், குந்தி உட்கார்ந்து முக்குகிறானா, போகும்போது கத்துகிறானா, ரத்தம் தெரிகிறதா, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறானா. சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. மலத்தில் உருண்டைப்புழு முட்டை இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார்கள். சிறுநீர்ப்பையில் வலி இருந்தால் குட்டி அந்த வலியை டப்போடு சேர்த்துதான் ஞாபகம் வைத்துக்கொள்ளும், டப்பில் போனதால்தான் வலித்தது என்று வேறு இடம் தேடும் என்றார் டாக்டர். இளம் பூனைகளுக்குக் கிருமித் தொற்று அவ்வளவாக வருவதில்லையாம். கிருமியே இல்லாமல், வீட்டு மாற்றத்தால் வரும் பதற்றத்திலேயே சிறுநீர்ப்பை புண்ணாவதுதான் அதிகமாம். அதனால்தான் டாக்டரை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

ஆண் குட்டி வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகல். அது அடைத்துக்கொண்டால் திரும்பத் திரும்ப டப்பில் போய் உட்காரும், முக்கும், ஒரு சொட்டுகூட வராது, சாப்பிடாது, வாந்தி எடுக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு காலை வரை காத்திருந்தால் குட்டி பிழைப்பது கஷ்டம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நடுராத்திரி ஆனாலும் டாக்டரைத் தேடி ஓட வேண்டும்.

சரி, மிளகுக்கு அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். எங்கே போனான், எத்தனை மணிக்கு, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளிலேயே விஷயம் தெளிவாகிவிட்டது. காலையில் மெஷின் ஓடும் நேரத்தில் ஒரு முறை, ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு ஒரு முறை. ராத்திரி ஏன் என்றால், கொசு வருகிறதென்று பால்கனிக் கதவைத் தாழ்போட்டுவிடுகிறோம், டப் வெளியே, குட்டி உள்ளே. காலையில் கதவு திறந்திருக்கிறது, ஆனால் டப்புக்குப் பக்கத்தில் மெஷின் தடதடவென்று ஆடுகிறது. பிள்ளைத் துணி மேல் ஏன் போனான் என்றால் வீட்டிலேயே மெத்தென்று, காலுக்கு இதமாக, ஈரத்தை உறிஞ்சும்படி இருந்த ஒரே இடம் அதுதான். இதில் பொறாமைக்கு எங்கே இடம்? தாளை அம்மாவிடம் காட்டினேன், அன்றிலிருந்து அவர் மிளகைத் திட்டவில்லை.

டப்பை ஹாலுக்குக் கொண்டுவந்தோம், பீரோவுக்குப் பக்கத்து மூலையில், அங்கிருந்து அவனுக்கு வாசலும் தெரியும், சமையலறைப் பக்கமும் தெரியும். பூனை போகும்போது யாராவது வந்தால் ஓட வழி இருக்கிறதா என்று பார்க்கும், மூன்று பக்கமும் அடைத்த மூலை அதற்குப் பிடிக்காது. இரண்டாவது டப் ஒன்றை பின்னறை வாசலில் வைத்தோம். ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்பதுதான் கணக்கு, சின்ன வீட்டில் கஷ்டம்தான், ஆனால் உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறது. பழைய டப் அவனுக்குச் சின்னதாகிவிட்டிருந்தது. பூனையின் உடம்பு நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், அதனால் துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி வாங்கி முன்பக்கத்தைத் தாழ வெட்டி, வெட்டிய விளிம்பை டேப் போட்டு ஒட்டினேன்.

லாவெண்டரை நிறுத்தினோம். அந்த மணம் நமக்குத்தான் நன்றாக இருக்கிறது, பூனை மூக்குக்கு அது பெரிய நெடி. ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் களிமண் லிட்டர், மணமில்லாதது, பழையபடி, இரண்டு அங்குல உயரத்துக்கு. ரொம்பச் சின்னக் குட்டிக்கு மட்டும் இந்தக் கட்டியாகும் லிட்டர் வேண்டாம், வாயில் போட்டுப் பார்க்கும், வயிற்றுக்குள் போனால் அங்கேயும் ஊறிக் கட்டியாகும். இந்த லிட்டர் கதையே சுவாரசியமானது. 1947-ல் அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் எட்வர்ட் லோ என்பவர், பூனைக்கு மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மணலுக்குப் பதில் தொழிற்சாலைகளில் எண்ணெய் உறிஞ்சப் போடும் களிமண்ணைக் கொடுத்தார், அது பிடித்துப்போய் பெரிய வியாபாரமாகிவிட்டது. அந்த மண் நாம் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி வகைதான். கட்டியாகும் லிட்டர் 1980-களில்தான் வந்தது. லோவின் களிமண் வருவதற்கு முன்னால் பூனைகளுக்குப் பெரும்பாலும் மணலும் சாம்பலும்தான்.

சுத்தம் செய்வதில்தான் பலருக்கும் சிக்கல். பூனைச் சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலம் வெறும் தண்ணீரில் கரையாது. காய்ந்த பிறகு நமக்கு நாற்றம் தெரியாது, ஆனால் நம்ம சென்னைப் புழுக்கத்தில் மறுபடி கிளம்பும், குட்டிக்கு அது "இங்கேதான் போகணும்" என்று எழுதி ஒட்டியதுபோல. பெட் கடையில் என்ஸைம் க்ளீனர் கிடைக்கும், அதை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். அவசரமாகத் துடைத்தால் வேலை செய்யாது. அமோனியா கலந்த க்ளீனர் வேண்டவே வேண்டாம், சிறுநீர் வாடையே அதுதான். பினாயிலையும், தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகளையும் பூனை நடக்கும் தரையில் போடாதீர்கள். அவற்றில் இருக்கும் பீனால் வகைகளைப் பூனையின் கல்லீரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது, பாதத்தில் ஒட்டியதை நக்கியே விஷமாகும். டப்பைக் கழுவ மணமில்லாத சாதாரண சோப்பு போதும்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை கூடாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர்கள் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு, அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனால் பூனையின் மலத்தில் வரும் முட்டை தொற்றக்கூடிய நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும், தினமும் அள்ளிப்போட்டுவிட்டால் அபாயம் பெருமளவு போய்விடும். தங்கை டப் பக்கமே போகவில்லை, நான் கையுறை போட்டு காலை மாலை இரண்டு வேளையும் அள்ளினேன். மிளகுக்குப் பச்சை இறைச்சி கிடையாது, வெளியே எலி பிடிக்கப் போவதும் கிடையாது. தங்கையைப் பார்த்த டாக்டரம்மாவும் இதையேதான் சொன்னார், கூடவே கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடு, கீரையை நன்றாகக் கழுவு என்றார்.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தபோது மறுபடி கொஞ்சம் தடுமாறினான். அழுகைச் சத்தம், பார்க்க வருகிற கூட்டம், குழந்தையைக் குளிப்பாட்டியதும் போடும் சாம்பிராணிப் புகை. பீரோவுக்கு அடியிலேயே கிடந்தான். கூட்டம் வரும் நேரத்தில் அவனை டப், தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றோடும் என் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன், ஆட்கள் போனதும் திறந்தேன். டப்பையும் சாப்பாட்டையும் மட்டும் எதிரெதிர் மூலையில் வைக்க வேண்டும், சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் பூனை போகாது. குழந்தையின் துணி ஒன்றை அவன் படுக்கும் இடத்தில் போட்டு வைத்தேன், வாடை பழகியது. துணிக்கூடைக்கு மூடி போட்டோம். இப்போது எல்லாம் சரி.

*

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன் அக்கா. எங்களுக்கு வந்தது வீடு மாறியதால். சிங்காநல்லூரில் தனி வீடு, குட்டி தோட்டத்து மண்ணில்தான் போகும். அங்கிருந்து மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்தோம். மரத்தூளை அழுத்திச் சின்னத் துண்டுகளாகச் செய்யும் பைன் மர பெல்லட் நாற்றத்தை நன்றாகப் பிடிக்கும் என்றார்கள், வாங்கிப் போட்டேன், குட்டி ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு உதறிக்கொண்டு போய் பாத்ரூம் மிதியடியில் போனது. பெல்லட் அதன் பாதத்தில் குத்தியிருக்கிறது. அப்புறம் பழைய வீட்டுக்குப் போய் அந்தத் தோட்டத்து மண்ணையே ஒரு சாக்கில் அள்ளிவந்து டப்பில் போட்டேன். அன்றைக்கே போனது! அதற்குப் பிறகு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பொடியான லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இப்போது முழுக்க லிட்டர்தான். ஒரே நாளில் மாற்றியிருந்தால் நடந்திருக்காது. மண் சேர்க்கிறவர்கள் பூச்சிமருந்தோ உரமோ போடாத இடமாகப் பார்த்து எடுங்கள். வீடு மாறும் நாளில் குட்டியை முதலில் ஒரே அறையில் வையுங்கள், அந்த அறை பழகியதும் அடுத்த அறையைத் திறந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பெரிதும் உதவியது இதுதான்.

*

மதுரையிலிருந்து. எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஐந்து வயசுப் பெண் பூனை, புதிதாக ஒரு குட்டியை எடுத்து வந்தோம். மூன்று டப் வைக்க வேண்டும் என்று படித்திருந்ததால் மூன்றையும் மாடிப்படிக்கு அடியில் வரிசையாக வைத்தோம். ஆனாலும் குட்டி சோபாவுக்குப் பின்னால்தான் போனது. கவனித்துப் பார்த்தால் பெரியவள் மாடிப்படிக்குப் போகும் வழியில் சும்மா படுத்திருப்பாள். சண்டை கிடையாது, சீறல் கிடையாது, வெறுமனே பார்ப்பாள், குட்டி அந்தப் பார்வையைக் கண்டாலே திரும்பிவிடும். பூனைக்கணக்கில் பக்கம் பக்கமாக வைத்த மூன்று டப்பும் ஒரே டப்தான். ஒன்றை மாடியிலும் ஒன்றை சோபாவுக்குப் பின்னால் அது தேர்ந்தெடுத்த அதே இடத்திலும் வைத்தோம், பிரச்சினை நின்றது. சத்தம் இல்லாத இந்த மிரட்டலைப் பலர் கவனிப்பதில்லை, அதனால் எழுதினேன்.

ஒரு சந்தேகம். குட்டி ஆண், இப்போது ஏழு மாதம் ஆகிறது. இரண்டு நாளாக ஃபிரிட்ஜ் கதவில் நின்றுகொண்டே பீய்ச்சுகிறது, வால் நடுங்குகிறது. மறுபடி டப் பிரச்சினையா?

*

மதுரை சகோதரிக்கு: இது வேறு. நின்றுகொண்டு, வாலைத் தூக்கி நடுக்கி, சுவர் மாதிரி செங்குத்தான இடத்தில் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. வயசுக்கு வந்துவிட்டான். டப்பை எங்கே மாற்றினாலும் நிற்காது, கருத்தடை அறுவைசிகிச்சைதான் வழி, பத்தில் ஒன்பது ஆண் பூனைகளுக்கு அதோடு குறைந்துவிடும். செய்த மறுநாளே நிற்காது, ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும். மிளகுக்கு ஆறாம் மாதமே செய்துவிட்டோம். ஆபரேஷன் ஆன புதிதில் காயத்தில் துகள் ஒட்டாமல் இருக்க லிட்டருக்குப் பதில் செய்தித்தாளைக் கிழித்துப் போடச் சொன்னார் டாக்டர், பழகியவன் என்பதால் அதிலேயே போனான்.

கோவைத் தம்பி சொன்ன அந்தக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது எனக்கு இப்போது உதவுகிறது. குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது, ஹாலில் டப் இருக்க முடியாது. தினமும் ஒரு சாண் அளவுக்கு என் அறைப் பக்கம் நகர்த்திக்கொண்டிருக்கிறேன், இரண்டாவது டப் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. அறை வாசலில், மிளகு நுழையும் அளவுக்குக் கீழே இடைவெளி விட்டு ஒரு தடுப்புக் கதவு போடத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். குழந்தையும் அதே இடைவெளியில் தலையை விடாமல் எத்தனை அங்குலம் வைக்கலாம் என்று யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள், தச்சர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.