பழைய பூனை புதியதை ஏற்க மறுக்கிறது. லயத்து வீட்டில் எப்படிப் பிரித்து வைப்பது?

தோட்டத்து வீட்டுக்காரி:
சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். எங்கள் கறுப்பிக்கு ஐந்து வயது, கருத்தடை செய்தாகிவிட்டது. போன வாரம் மகன் ஓர் இளங்கடுவனைத் தூக்கி வந்தான். அன்றிலிருந்து கறுப்பி அலமாரி மேலேயே கிடக்கிறாள்; இறங்கினால் சீறுகிறாள். நேற்று இரண்டும் கட்டிப் புரண்டதில் முடி பறந்தது. கடுவன் வேறு சாமி மேடையில் சிறுநீர் பீய்ச்சுகிறான். பிரித்து வைக்கலாமென்றால், அறைகளுக்கு நடுவே பலகைத் தடுப்புதான். கூரை வரை எட்டாது, ஒரே தாவலில் கடந்துவிடுகிறான். பின்கட்டு ஸ்டோர் ஒன்றுதான் முழுதாக மூடியது. அதிலும் கதவுக்கடியில் இரண்டு விரல் சந்து.

ஈப்போ பூனைக்காரன்:
அந்தச் சந்துதான் அக்கா உங்களுக்கு வேண்டியது! பூனைகள் முதலில் மோப்பத்தால்தான் பழகும். கடுவனை ஸ்டோரில் விடுங்கள். கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள், முதலில் தள்ளி. கறுப்பி பதறாமல் தின்னத் தொடங்கியதும் தினம் கொஞ்சம் நெருக்குங்கள். ஒரு துணியால் அவன் கன்னத்தைத் தடவி, கறுப்பி நடமாடும் இடத்தில் போடுங்கள், அவளுடையதை ஸ்டோரில். ஓரிரு வாரம் பிடிக்கலாம், சில பூனைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். சீறினால் அதட்டாதீர்கள். 'கிட்டே வராதே' என்கிறாள், அவ்வளவுதான்.

தோட்டத்து வீட்டுக்காரி:
ஸ்டோருக்குத் தகரக் கூரை, தம்பி. மதியத்தில் கொதிக்கும்.

ஈப்போ பூனைக்காரன்:
அப்படியானால் மதியத்தில் மட்டும் கம்பிக் கூண்டில் விட்டு, மூன்று பக்கம் துணி போர்த்திக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

ஓய்வுபெற்ற கிராணி:
பழக்குவதெல்லாம் இருக்கட்டும் அம்மா, கடுவனுக்குக் கருத்தடை செய்யாமல் சாமி மேடை காயாது. அறுவைக்குப் பிறகும் சுரப்பு அடங்கச் சில வாரம் ஆகும். பீய்ச்சிய இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் அந்த வாடைக்கே திரும்பி வருவான். நீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் ஃபீனால் கிருமிநாசினி பூனைக்கு நஞ்சு. நொதி கலந்த திரவம் கிடைத்தால் நல்லது. மணல் பெட்டி இரண்டு பூனைக்கு மூன்று, வெவ்வேறு மூலையில்.

முக்கியமானதை யாரும் கேட்கவில்லை: அவன் மூக்கிலோ பாதத்திலோ ஆறாத புண் உண்டா?

தோட்டத்து வீட்டுக்காரி:
மூக்கின் மேல் ஒன்று, ஐயா. வரும்போதே இருந்தது, இன்னும் ஆறவில்லை.

ஓய்வுபெற்ற கிராணி:
அப்படியானால் துணி மாற்றுவதெல்லாம் பிறகு. ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சை நோய் மலேசியப் பூனைகளுக்கு வருவதுண்டு. கீறல், கடி வழியாக மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டுத் தூக்கிக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சைதான் என்றால் மாதக்கணக்கில் மருந்து. புண் மறைந்ததும் நிறுத்தினால் திரும்பிவிடும். உங்கள் மகனுக்குக் கீறல் பட்ட இடம் முடிச்சாக எழுந்திருந்தால் அவரும் கிளினிக் போகட்டும், பூனை கீறியதென்று மறக்காமல் சொல்லட்டும். கறுப்பியையும் கூடவே கொண்டுபோங்கள். நேற்றுக் கட்டிப் புரண்டவள் அவளும்தானே.