கார் நிறுத்தத்தின் மேல்தளமா, மெர்சிங்கா?

மேல்தளம்_7:
நெபுலாவை (விண்வெளி வாயு மேகத்தை) படம் எடுக்கணும்னா ஜொகூர் பாரு தாண்டி, வானம் இருட்டா இருக்கிற மெர்சிங் வரை போகணும்னு இங்க அடிக்கடி எழுதுறாங்க. தேவையே இல்லைங்கிறது என் கட்சி. சிங்கப்பூர் ஈசூன்ல ஒரு பலமாடி கார் நிறுத்தத்தோட மேல்தளம், ரெண்டு நிற ஒளியை மட்டும் விடுற ஒரு டூயல்-பேண்ட் ஃபில்டர், போதும். நெபுலா வாயு ஒளிர்ற அலைநீளக் கோடுகள் ரெண்டு: ஹைட்ரஜனோட ஹெச்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டர், ஆக்ஸிஜனோட ஓ-த்ரீ 500.7. இந்த ரெண்டு இடத்துல மட்டும் தலா 7 நானோமீட்டர் திறந்துவிட்டா, 400 முதல் 700 வரை பரவிக் கிடக்குற ஊர் வெளிச்சத்துல சுமார் 20-ல ஒரு பங்குதான் சென்சாருக்கு வரும். அந்தக் கோடுகள்ல வர்ற நெபுலா ஒளி பெரும்பாலும் அப்படியே வந்துடும். கணக்கு முடிஞ்சது.

தென்சிலுவை:
பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோடுகளில் ஒளிரும் எம்42, ரோசெட், லகூன், கரீனா ஆகிய நெபுலாக்கள் தப்பிக்கும். கேலக்ஸி ஒளி பெரும்பாலும் விண்மீன்களின் ஒளி. எல்லா அலைநீளத்திலும் பரந்தது. வானத்தை வெட்டும் கத்தி அதையும் அதே அளவு வெட்டும். எம்20 நெபுலாவை ஃபில்டரோடு எடுத்துப் பாருங்கள்: சிவப்பு வரும், பக்கத்து நீலம் போயே போய்விடும். அது தூசியில் பட்டுச் சிதறும் விண்மீன் ஒளி. சோடியம் விளக்குக் காலத்தில் 589-ஐச் சுற்றி வெட்டும் ஃபில்டர் கொஞ்சம் உதவியது; வெள்ளை எல்இடியிடம் அது செல்லாது.

இங்கு வானம் 4 மேக்னிட்யூட் (ஒவ்வொன்றும் 2.512 மடங்கு) கூடுதல் வெளிச்சம் என்று வையுங்கள். 2.512-ஐ நான்கு முறை பெருக்கினால் சுமார் 40. இருட்டில் 1 மணி நேரத்தில் கிடைக்கும் கேலக்ஸிக்கு ஈசூனில் 40 மணி நேரம். மேகமில்லாத 40 மணி நேரத்தைச் சிங்கப்பூரில் எங்கே போய்த் தேடுவது?

மேல்தளம்_7:
சரி, கேலக்ஸியை உங்களுக்கே விட்டுத்தர்றேன். ஆனா ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்துக்கு ஃபில்டரே வேணாம், சப் (அடுக்கப் போற ஒவ்வொரு படமும்) நீளத்தைச் சரியா வச்சா போதும். கேமராவோட ரீட் நாய்ஸ் (ஒவ்வொரு படத்தையும் படிக்கும்போது சேர்ற இரைச்சல்) 1.5 எலக்ட்ரான், அதோட வர்க்கம் 2.25. வான ஒளி அதைப்போல பத்து மடங்கு ஆனா அந்த இரைச்சல் பெருசா தெரியாது; பத்தால பெருக்கினா 22.5. ஒரு பிக்சல்ல வானம் நொடிக்கு 5 எலக்ட்ரான் கொட்டினா, 4.5 நொடி சப் போதும். 2 நிமிஷம் வச்சா நட்சத்திரம் வெளுக்குறதுதான் மிச்சம். ஃபில்டர் போட்டா அதே கணக்கு சுமார் 90 நொடி.

தென்சிலுவை:
4.5 நொடி என்றால் மணிக்கு 800 ஃபிரேம். டிதர் செய்யாமல், அதாவது ஃபிரேம்களுக்கு நடுவே டெலஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்தாமல், அடுக்கினால் மெல்ல நகரும் சென்சார் புள்ளிகள் சாய்வான கோடுகளாகப் படத்தை நிரப்பும். 20 ஃபிரேமுக்கு ஒருமுறையாவது பத்துப் பிக்சல் நகர்த்துங்கள்.

பூமத்தியன்:
ரெண்டு பேரும் டெலஸ்கோப்பைத் தாங்கிச் சுத்துற மவுண்ட்டை மறந்துட்டீங்களே! அதோட அச்சை வான துருவத்துக்கு நேரா வைக்கணும். நம்ம அட்சரேகை 1.3 டிகிரி. துருவ நட்சத்திரமான போலாரிஸ் அடிவானத்துல, ஏதோ ஒரு புளோக்குக்குப் பின்னால கிடக்கு. அதைப் பார்த்து அச்சை நேராக்குற போலார் ஸ்கோப் இங்க வெறும் அலங்காரம். நினா மென்பொருள்ல இருக்கிற மூணு-புள்ளி அலைன்மென்ட்டுக்குத் துருவம் தெரியவே வேணாம். மவுண்ட் வாங்குமுன்ன அதோட அச்சுச் சாய்வு 1 டிகிரி வரை இறங்குமான்னு பாருங்க, சிலது இறங்காது. எதிர் எடைக் கம்பி வடக்குப் பக்கத்துக் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி வைங்க, இல்லைன்னா நடுவுல ஒரு பியர் (உயரத்தை ஏத்துற தூண்) போடுங்க.

ஆல்ட்-ஆஸ் (மேல்-கீழ், இட-வலம் மட்டும் திரும்புற) ஸ்மார்ட் டெலஸ்கோப் வச்சிருக்கிறவங்களுக்கு நம்ம ஊர் வரப்பிரசாதம். நேர்க்கிழக்குல ஏறுற எம்42, ரோசெட் மாதிரியானதுக்கு உச்சிக்கு வர்ற வரை ஃபீல்ட் ரொட்டேஷன் (படம் சுத்துறது) ரொம்பக் கம்மி. தெற்கே கரீனாவுக்கு மணிக்கு 17 டிகிரி சுத்தும். மையத்துல இருந்து 1100 பிக்சல் தள்ளி இருக்கிற மூலையில 30 நொடி சப்புக்கு 2.7 பிக்சல் இழுப்பு. 10 நொடின்னா 0.9.

தென்சிலுவை:
கரீனா இங்கே உச்சத்திலேயே 29 டிகிரிதான் உயரும். ஈசூனிலிருந்து தெற்கே பார்த்தால் முழு நகரத்தின் வெளிச்சத்துக்கும் மேலே.

மேல்தளம்_7:
அதனாலதான் ஹெச்-ஆல்ஃபாவை நம்புறேன், ஓ-த்ரீ அடிபட்டாலும் பரவாயில்லை. மார்ச், ஏப்ரல்ல எடுங்க. கூல்டு கேமராவை மைனஸ் 10-ல வைக்காதீங்க அண்ணே: ராத்திரி 28 டிகிரி, கூலர் 35 டிகிரிதான் இறக்கும்னா மைனஸ் 7-லயே மூச்சு முட்டும். 0-ல வச்சு, அதே வெப்பத்துல டார்க் (மூடி போட்டு எடுக்குற இருட்டுப் படம்) எடுங்க. ஏர்கான் அறையில இருந்து நேரா மேல கொண்டுபோனா லென்ஸ் பனிக்கும். ஒரு மணி நேரம் முன்னாடியே தாழ்வாரத்துல வைங்க, டியூ ஹீட்டரையும் போட்டுடுங்க.

தென்சிலுவை:
ஹீட்டருக்கு நன்றி. எம்83 கேலக்ஸிக்கு மெர்சிங்தான்.