லாஃப்ட் மூடியில் காற்று புகுகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் மக்களே, எங்களுடையது லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய வீடு. லாஃப்டுக்கு (கூரைக்கு அடியில் இருக்கும் பரண்) ஏறும் ஓட்டைக்கு 18 மி.மீ. பிளைவுட்டை அறுத்து நானே மூடி செய்து சட்டத்தின் மேல் சும்மா உட்கார வைத்திருக்கிறேன். லாஃப்ட் தரை முழுக்க வீட்டுச் சூடு வெளியேறாமல் இருக்க 270 மி.மீ. கண்ணாடிக் கம்பளி விரித்தாயிற்று, மூடி மட்டும் மொட்டையாகக் கிடக்கிறது. நேற்று கீழே ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தால் ஒரு மூலையில் புகை விறுவிறுவென்று மேலே ஓடுகிறது, அங்கே கூரையின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கிறது.

மூடியின் முதுகில் 100 மி.மீ. பிஐஆர் பலகை (சூட்டைத் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை) ஒட்டலாம் என்று நினைக்கிறேன். ஆனால் மூடியைச் சாய்த்துத்தான் மேலே தள்ள முடியும், அவ்வளவு தடிமனுக்கு ஓரம் இடிக்காதா? சரிவாகச் சீவினால் போதுமா? எந்தப் பசை நிற்கும்?

அப்புறம் சட்டத்தில் ஒட்டிய ஃபோம் டேப் ஒரே மாதத்தில் அப்பளமாகிவிட்டது (மலிவு டேப், என் புத்தி). ரப்பர் பட்டை போட்டால், மூடியின் எடையே அதை அழுத்திப் பிடிக்குமா, இல்லை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கொக்கி வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.