மூலை மனையில் எட்டு மாடி: கடைக்கு மேல் வீடு நம் ஊருக்குப் பொருந்துமா?

வரைபலகை எழுதியது:

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் தோட்டப்புற நகரத்தின் நடுவே, ஈப்போ சாலையும் பசார் சாலையும் கூடும் முனையில், பழைய கடைவீடுகள் இடிக்கப்பட்ட பிறகு புல் மண்டிக் கிடக்கும் மனைக்கு ஒரு வரைபடம் முன்வைக்கப்பட்டுள்ளது. தரைத்தளத்தில் கடைகள், அதற்கு மேல் இரண்டு தளங்களில் வாகன நிறுத்துமிடம், அதற்கும் மேல் ஐந்து தளங்களில் வீடுகள். கட்டட வரைவுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் இதை ஆதரிக்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியான பின் நம் பிள்ளைகள் ஊருக்கு வெளியே தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளில் குடியேறினார்கள். ஒரு டின் பால் வாங்கவும் காரை எடுக்க வேண்டியிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் நகர மையத்தில் விளக்கு எரியும் மாடி ஒன்றுகூட இல்லை. மேலே ஆட்கள் குடியிருந்தால்தான் கீழே கடை பிழைக்கும் என்பதற்கு நம் பழைய கடைவீடுகளே சாட்சி.

அஞ்சடிவாசி எழுதியது:

ஐயா, கடைவீட்டைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு அதற்கு நேர்மாறான கட்டடத்தை ஆதரிக்கிறீர்கள். என் தந்தையார் அந்த வரிசையில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடையின் அகலம் இருபது அடிதான். மர உத்தரம் தாங்கும் நீளம் அவ்வளவே. ஆழமோ நூறு அடியை நெருங்கும், ஆனாலும் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருந்ததால் பகலில் சமையலறைக்கு விளக்குப் போட்டதில்லை. முன்னால் அஞ்சடி என்னும் கூரையிட்ட நடைபாதை. 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலேயே வீடுகளின் முன் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்ற விதி உண்டு. அந்த வழக்கம் பின்னர் மலாயா நகரங்களுக்கும் பரவியது. மாலை மழை கொட்டும்போது, தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் அரிசிப் பையைச் சிவப்புச் சிமெண்டுத் திண்டில் இறக்கி வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் சுமந்தபடி பேருந்துக்குக் காத்து நின்ற இடம் அது. திண்டின் விளிம்பு நடுவில் மட்டும் தேய்ந்து குழிந்திருக்கும்.

இப்போதைய வரைபடத்தில் கார் ஏறும் சாய்தளம் பசார் சாலைப் பக்கம் அந்த அஞ்சடியைக் குறுக்கே வெட்டுகிறது. தலைக்கு மேல் இரண்டு மாடி உயரத்துக்குச் சன்னலே இல்லாத சுவர். தெருவைப் பார்த்து நிற்கும் ஒரு முகத்தில் கண்ணைக் கட்டிவிட்டது போல் இருக்கிறது. நான்கு மாடிக்கு மேல் எதுவும் வேண்டாம் என்பதே என் நிலை.

வரைபலகை எழுதியது:

சாய்தளம் குறித்த உங்கள் கண்டனம் சரி. சந்திப்புக்கு அருகில் வாகன வாயில் வைப்பது நடப்பவருக்கும் ஆபத்து, ஓட்டுபவருக்கும் ஆபத்து; அதைப் பின்சந்துக்கு மாற்றலாம், லாரி சரக்கு இறக்குவதும் குப்பை அறையும் அங்கேயே அமையலாம். வாகனத் தளங்களைச் சாலையோரம் வரை இழுக்காமல், முன்பக்கத்தில் ஒரு வரிசை அலுவலகமோ கிளினிக்கோ டியூஷன் வகுப்போ வைத்தால் உங்கள் மொட்டைச் சுவரும் மறைந்துவிடும்.

ஆனால் உயரத்தில் நான் உடன்படவில்லை. நான்கு மாடி என்றால் வாகனத் தளங்கள் போக மிஞ்சுவது ஒரே ஒரு தளம். மின்தூக்கி, தீயணைப்பு ஏற்பாடுகள், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் செலவை அந்தச் சில குடும்பங்கள் சுமக்க முடியாது. மூலை மனைக்கு வேறொரு பேறும் உண்டு. வரிசை நடுவிலுள்ள கடைவீட்டுக்கு முன்னும் பின்னும்தான் திறப்பு. இதற்கோ இரண்டு தெருக்களின் வெளிச்சமும் காற்றும் கிடைக்கின்றன. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட துணைவிதிகள், அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத சன்னலும், 5 விழுக்காடு தடையற்ற காற்றுத் திறப்பும் கேட்கின்றன. இந்த மனையில் அதை ஒவ்வொரு அறைக்கும் தாராளமாகத் தரலாம்.

உத்தரம் எழுதியது:

கட்டுமானக் குத்தகை எடுப்பவன் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூன்று கார்கள் அடங்கும்படி தூண்களுக்கிடையே 8.4 மீட்டர் விடுவது வழக்கம். அந்த இடைவெளியை வீட்டு அறைகளின் சுவர்களோடு முதலிலேயே பொருத்திக்கொள்ளாவிட்டால், மேல்தளச் சுமையைக் கீழ்த் தூண்களுக்கு மாற்றும் தடித்த உத்தரங்களை இடையில் போட வேண்டிவரும். அதற்கான இரும்பும் கான்கிரீட்டும் வீட்டு விலையில்தான் ஏறும்.

நான்காம்மாடி எழுதியது:

ஐயா இருவரும் தெருவிலிருந்து பார்க்கிறீர்கள். நான் வேறொரு நகரில் கடைக்கு மேலுள்ள வீட்டில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தவள். உள்ளிருந்து பார்த்ததை எழுதுகிறேன். கீழே சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். புகைபோக்கிக்குக் கூரை வரை தனிக்குழாய் விடப்படவில்லை. வெளிச்சுவரில் ஒரு தகரக் குழாயைப் பொருத்தி இரண்டாம் மாடியோடு நிறுத்திவிட்டார்கள். கொடியில் காயப்போட்ட பள்ளிச் சீருடையை முகர்ந்தால் பொரித்த மீன் மணக்கும். மேற்கு பார்த்த வீடு என்பதால் பிற்பகலில் சுவரில் கை வைக்க முடியாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே இருக்கிறோம். தாழ்ந்து அடிக்கும் மேற்கு வெயிலுக்குக் கூரை நீட்டல் போதாது, நிமிர்ந்த தடுப்புப் பலகைகள் வேண்டும்.

என் மாமனார் அந்த வீட்டில் இறந்தார். சவப்பெட்டி மின்தூக்கிக்குள் நுழையவில்லை. அவரைப் போர்வையில் சுற்றி, ஒவ்வொரு படித்திருப்பத்திலும் நின்று நின்று, நான்கு மாடி இறக்கினார்கள். கீழே சடங்கு செய்ய இடமில்லாததால் கார்களை நகர்த்தி அங்கேயே கூடாரம் போட்டோம். லயத்து வீடு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதன் வாசலில் மனிதரைப் படுக்கவைத்து அழ இடம் இருந்தது.

நான் கட்டடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இவற்றையெல்லாம் வரைபடத்தில் காட்டாமல் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அஞ்சடிவாசி எழுதியது:

அம்மா, படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியவில்லை. இதைத்தான் நானும் அஞ்சுகிறேன். கட்டி விற்றவர் போய்விடுவார். சாப்பாட்டுக் கடைக்காரரும் மேல்மாடிக் குடும்பமும் ஒரே நிர்வாகத்தில் மாட்டிக்கொண்டு பராமரிப்புக் கட்டணத்துக்காகச் சண்டையிடுவார்கள்.

வரைபலகை எழுதியது:

அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நில உரிமைச் சட்டம் 2013-இல் திருத்தப்பட்ட பிறகு, கடைகள் மட்டும் பயன்படுத்தும் பொது இடங்களையும் வீடுகள் மட்டும் பயன்படுத்துபவற்றையும் தனித்தனியே வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் துணை நிர்வாகக் கழகம் அமைக்க இடமுண்டு. பெரிய பழுதுபார்ப்புகளுக்கான ஒதுக்கு நிதிக்குப் பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடு கட்டவும் வேண்டும். ஆனால் வாசல், மின்தூக்கி, சமையல் கழிவுநீரில் எண்ணெயைப் பிடிக்கும் தொட்டி ஆகியவை கட்டடத்திலேயே பிரிந்திருந்தால்தான் காகிதத்தில் பிரிப்பது எளிதாகும்.

அம்மா எழுதியதைப் படித்த பின் என் ஆதரவுக்கு நிபந்தனைகள் சேர்க்கிறேன். கூரை வரை செல்லும் புகைக்குழாய் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். ஒரு மின்தூக்கியாவது பெட்டியைச் சாய்க்காமல் ஏற்றும் நீளத்தில் அமைய வேண்டும். தரைத்தளத்தில், பின்சந்தை ஒட்டி, திருமணத்துக்கும் துக்கத்துக்கும் பயன்படும் ஒரு திறந்த மண்டபம் வேண்டும். அதற்காக ஒரு கடையை இழந்தாலும் சரி.

அஞ்சடிவாசி எழுதியது:

மண்டபத்தை ஏற்கிறேன். எட்டு மாடியை இன்னும் ஏற்கவில்லை. ஆறு மாடியாகக் குறைத்து, ஒரு வாகனத் தளத்தைக் கைவிட்டு வரைந்து காட்டுங்கள். அஞ்சடியை பக்கத்துக் கடைகளின் தரைமட்டத்தோடு சேருங்கள். இடையில் ஒரு படிகூட வேண்டாம், சக்கர நாற்காலி தடுக்காமல் போக வேண்டும்.

வரைபலகை எழுதியது:

ஆறு மாடியாக வரைந்து பார்க்கிறேன். அம்மா, அந்த மின்தூக்கிக்குப் பெட்டியின் நீளமும் சுமப்பவர் நிற்கும் இடமும் எவ்வளவு என்று நினைவிருந்தால் எழுதுங்கள்.

நான்காம்மாடி எழுதியது:

பெட்டி ஆறரை அடி. தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் நிற்க வேண்டும்.