கொல்லையில் கோழிக்கூடு கட்டப் போகிறேன், மரநாய்க்கும் வெயிலுக்கும் தாங்குகிற மாதிரி யோசனை சொல்லுங்கள்

நாகமலைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். பின்னால் இருபதடிக்குப் பதினைந்தடி இடம் சும்மா கிடக்கிறது, ஓரத்தில் ஒரு வேம்பு நிற்கிறது. அம்மா உசிலம்பட்டிப் பக்கத்து ஊரில் இருந்தவரைக்கும் கோழி இல்லாமல் இருந்ததே இல்லை. இங்கே எங்களோடு வந்த பிறகு சும்மா உட்கார முடியவில்லை என்று சொல்லி தை முடிந்ததும் ஆறு சிறுவிடைக் கோழியும் ஒரு சேவலும் வாங்கினார். ராத்திரிக்குப் பஞ்சாரத்தில் கவிழ்த்து மேலே அம்மிக்கல்லை வைத்துவிடுவார்.

போன மாதம் ஒரே ராத்திரியில் நாலு கோழி போய்விட்டது. கல் வைத்தது வைத்தபடி இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் மண்ணைப் பறித்துப் பஞ்சாரத்தின் விளிம்பு தூக்கியிருந்தது. இரண்டு கோழி உள்ளேயே தலை இல்லாமல் கிடந்தன, இரண்டைக் காணவே இல்லை. அதில் ஒன்று அடைக்கு உட்காரப் போகிற கோழி, அம்மா அதற்கென்று பதினோரு முட்டை சேர்த்து வைத்திருந்தார். அன்றைக்கு முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை.

இந்தத் தடவை ஒழுங்காக ஒரு கூடு கட்டிக் கொடுக்க வேண்டும், பத்து உருப்படிக்குப் போதும். வெல்டிங் பட்டறையில் கேட்டதற்கு நாலடிக்கு நாலடி இரும்புக் கூண்டு, மேலே தகரம், சுற்றிலும் கோழி வலை என்று சொல்கிறார்கள். வலை போதுமா, தகரம் வெயிலுக்குச் சரிப்படுமா, தரை மண்ணாக விடலாமா, சிமெண்டு போடணுமா? செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, இன்னொரு முறை அம்மாவை அப்படிப் பார்க்க முடியாது.

மேலூர் தோட்டம்:

தம்பி, தலை மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் மரநாய் வேலைதான். கீரி பகலில் வரும், அதுவும் குஞ்சைத்தான் முதலில் பார்க்கும். மரநாய் ராத்திரி சுவர் மேலேயே நடந்து வரும், வேம்பிலிருந்து இறங்கும், ஒன்றை எடுத்துக்கொண்டு போகாமல் கையில் அகப்பட்டதையெல்லாம் கடித்துப் போட்டுவிடும்.

பட்டறையில் சொல்கிற அந்த ஆறுமூலைக் கண் கோழி வலை கோழியை உள்ளே வைத்திருக்க மட்டும்தான் ஆகும். நாய் இரண்டு தரம் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும். நீங்கள் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள், விலை கூடத்தான், ஆனால் பாம்பும் பெருச்சாளியும்கூட நுழையாது. ஒரு அங்குலக் கண்ணில் என்ன ஆகும் என்று எங்கள் தோட்டத்தில் பார்த்துவிட்டோம். ஒல்லியாக இருந்த பாம்பு உள்ளே போய் மூன்று முட்டையை விழுங்கிவிட்டு, வயிறு உப்பிப்போய் வெளியே வர முடியாமல் கம்பிக்கு நடுவில் மாட்டிக் கிடந்தது. காலையில் முட்டை எடுக்கக் கையை விட்டது என் மகள்.

மெஷ்ஷைத் தரையோடு நிறுத்தாதீர்கள். ஒன்று ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்குங்கள், இல்லையென்றால் கூட்டைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையில் படுக்கப் போட்டு மேலே கல்லும் மண்ணும் மூடிவிடுங்கள். தோண்டுகிற பிராணி சுவர் ஓரத்தில்தான் தோண்டும், கம்பி தட்டினதும் விட்டுவிடும். தரைக்குச் செங்கல் பரப்பிச் சிமெண்டுப் பூச்சு போட்டுவிட்டால் இந்த வேலையே இல்லை, கழுவவும் சுலபம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. கோழி உட்காரும் கட்டையை மெஷ்ஷை ஒட்டி வைக்காதீர்கள். ராத்திரியில் கோழிக்குக் கண் தெரியாது, மெஷ்ஷில் சாய்ந்து தூங்கும். மெஷ்ஷின் கண் பெரிதாக இருந்தால் மரநாய் வெளியே இருந்தே கழுத்தைப் பிடித்து இழுத்துவிடும். சுவரிலிருந்து ஒன்றேகாலடி தள்ளி, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இரண்டு அங்குலச் சட்டம் ஒன்று, முனையை மழுக்கிப் போடுங்கள். ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் கணக்கு வைத்தால் பத்துக்கு ஏழடி வரும், ஒரே சட்டமாக வேண்டாம், இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். தாழ்ப்பாளும் சாதாரணக் கொக்கியாக இருக்கக் கூடாது, மூக்கால் தள்ளினால் திறக்காத மாதிரி போல்ட்டு போடுங்கள்.

சோழவந்தான் அக்கா:

தம்பி, மரநாய்க்கு மேலூர் அண்ணன் சொன்னது போதும். நான் வெயிலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மரநாயிடம் நாலு கோழி போனால் தகரக் கூரைக்குக் கீழே மொத்தமும் போகும். கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரிக்குக் கிட்ட, அதற்கு வேர்க்காது, வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே விடும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் வெளியே 40 தொடுகிற அன்றைக்கு நாலடி உயரத்துத் தகரத்துக்குக் கீழே என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதலில் போட்டது தகரம்தான். ஒரு மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ப் பார்க்கிறேன், நல்ல எடையுள்ள ஒரு விடைக் கோழி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே சாய்ந்து கிடக்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது, தொட்டுப் பார்த்தால் காப்பிச் சூடு. அன்றையிலிருந்து தண்ணீரை மண்சட்டியில் நிழலில்தான் வைக்கிறேன், மதியம் ஒரு தரம் மாற்றுவேன்.

நடுவில் ஏழடி உயரம் வருகிற மாதிரிப் பனங்கை போட்டு தென்னங்கீற்று வேயுங்கள். வருஷா வருஷம் கீற்று மாற்ற முடியாது என்றால் ஷீட்டே போடுங்கள், ஆனால் மேலே சுண்ணாம்பு அடித்து, கோடையில் அதன்மேல் கீற்றைப் பரப்பிக் கட்டிவிடுங்கள். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், அப்போதுதான் காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகின பக்கத்தில் மட்டும் அடிக்கும். நீளமான இரண்டு பக்கத்திலும் ஒன்றரை அடிக்குச் சுவர், அதற்கு மேல் முழுக்க மெஷ். நாலு பக்கமும் அடைத்துக் கட்டினால் எச்சத்தின் காரம் உள்ளேயே நின்று சளி பிடிக்கும், காலையில் கதவைத் திறந்ததும் உங்கள் கண் எரிந்தால் காற்று போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஐப்பசி கார்த்திகை மழைக்குக் கூரையை இரண்டடி வெளியே நீட்டுங்கள், சாரல் அடிக்கிற பக்கம் சாக்குப் படுதா கட்டி இறக்கிக்கொள்ளலாம்.

நாலுக்கு நாலு பத்து உருப்படிக்குப் பத்தாது. ராத்திரி தங்க ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி, ஆக ஆறுக்கு நாலு வையுங்கள், மிச்ச இடத்தை வேம்போடு சேர்த்து வலை அடித்துப் பகலில் மேய விடுங்கள். உள்ளே கடலைத்தோலோ நெல் உமியோ மூன்று அங்குலம் பரப்பி, இரண்டு நாளைக்கு ஒரு தரம் கிளறிவிட்டால் நாற்றம் வராது. கிளறும்போது கொஞ்சம் அடுப்புச் சாம்பல் தூவுங்கள், செள்ளு அண்டாது.

அம்மாவிடம் சொல்லுங்கள், அடை வைக்கத் தனி மூலை ஒன்று கேட்கச் சொல்லுங்கள். மற்ற கோழி போய் அதே கூடையில் முட்டை போட்டால் 21 நாள் கணக்கு குழம்பிவிடும். ஓரடிக்கு ஓரடி, பாதி இருட்டு, அடியில் மணல், அவ்வளவுதான்.

ஒத்தக்கடை வாசகர்:

சேவல் தேவையா என்று ஒரு தடவை யோசியுங்கள் சார். முட்டை மட்டும் போதும் என்றால் சேவல் இல்லாமலே இடும், குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னல் பத்தடியில் இருந்தால் காலை நாலு மணிக் கூவலுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

நாகமலைக்காரன்:

அம்மாவுக்குக் குஞ்சு இறங்கினால்தான் திருப்தி, அதனால் சேவல் இருக்கும். பக்கத்து வீட்டு மதினியே குஞ்சு கேட்டு வைத்திருக்கிறார், பிரச்சினை இல்லை. கூடு ஆறுக்கு நாலு, சிமெண்டுத் தரை, அரை அங்குல மெஷ், ஷீட்டின் மேல் கீற்று என்று முடிவு செய்துவிட்டேன். நோய்க்கு என்ன செய்வது? ஊரில் ஒரு கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து தெருவில் கோழியே இல்லாமல் போனது அம்மாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

திருமங்கலம் கால்நடை:

கால்நடை மருந்தகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், வெள்ளைக்கழிச்சல் வந்த பிறகு மருந்து கிடையாது. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுங்கள், தப்பில்லை, ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையின் அடியில் ஆர்.டி.வி.கே. ஊசி. வருஷா வருஷம் பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் இலவசமாகப் போடுவார்கள், கோடைக்கு முன்னால் போட்டாக வேண்டும் என்றுதான் அந்த மாதம். மருந்தை ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், காலையிலோ சாயங்காலமோ போடுங்கள், சோர்ந்து நிற்கிற கோழிக்குப் போடாதீர்கள். ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடலாம்.

சந்தையில் வாங்குகிற கோழியை நேராகக் கூட்டில் விடாதீர்கள். இரண்டு வாரம் தனியாக, பழைய பஞ்சாரத்திலேயே வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். சந்தைக் கோழி ஒன்று போதும், நோய் உள்ளே வந்துவிடும்.

மேலூர் தோட்டம்:

கூடு முடிந்ததும் முதல் நாலு நாள் வெளியே விடாமல் அடைத்தே வையுங்கள் தம்பி, தீனியும் தண்ணீரும் உள்ளேயே. அப்புறம் ஐந்தாம் நாள் சாயங்காலம் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்துவிட்டால் தானாகத் திரும்பி வந்து சட்டத்தில் ஏறிவிடும். கதவைச் சாத்தும்போது அம்மாவை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தால் வேப்பமரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.